எவ்வளவு வெட்டலாம்? வெனிவெல் கொடியும், இரண்டு பாதியாகக் கிடக்கும் காட்டறிவும்

காய்ச்சல், தடிமன் என்றால் கடைக்குப் போய் ஒரு பஸ்பங்குவ பக்கெட் வாங்கிவந்து அவித்துக் குடிப்பது இலங்கை மலைநாட்டில் தமிழ், சிங்களம் என்ற பேதமில்லாத பழக்கம். அந்தப் பக்கெட்டுக்குள் ஐந்து சரக்கு: வெனிவெல், பற்படாகம், கண்டங்கத்திரி, இஞ்சி, கொத்தமல்லி. சரி, இப்படிக் கடையில் தாராளமாகக் கிடைக்கிற வெனிவெல்லைக் காட்டிலிருந்து அனுமதியில்லாமல் வெட்டியதற்காக ஆட்கள் பிடிபட்டார்கள் என்று செய்தி வரும்போது எல்லோருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான். காலங்காலமாக எடுத்த பொருள் எப்போது குற்றமானது? இன்னொரு பக்கம் "பாரம்பரிய அறிவையும் விஞ்ஞான அறிவையும் பகிர்ந்து காட்டைக் காப்போம்" என்று கருத்தரங்கு நடக்கிறது, பனர் கட்டுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். யார் யாரிடம் எதைப் பகிர வேண்டும், பகிர்ந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் விளக்குவதில்லை.

அதை அடியிலிருந்து பார்ப்போம்.

## முதலில் சொற்கள்

1. மரபறிவு. இது பழைய அறிவு என்று அர்த்தமில்லை, கூட இருந்து பார்த்துப் பழகி வாய்வழியாக வந்த அறிவு. தேயிலைத் தோட்டங்களில் தடிமனுக்கு யூகலிப்டஸ் இலை போட்டு ஆவி பிடிக்கிறோம். அந்த மரம் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது, நம் முன்னோர் முதன்முதலில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வரும்போது இங்கே அது இருக்கவில்லை. அதாவது இந்த மலைக்கு வந்தபிறகு, இங்கே கண்டதை வைத்து, உண்டாக்கிக்கொண்ட வைத்தியம் அது. மரபறிவு இப்படி வளர்ந்துகொண்டே போகும்.

2. விஞ்ஞான அறிவு. அளந்து எழுதிவைத்த, இன்னொருவர் அதேபோலச் செய்துபார்த்துச் சரியா பிழையா என்று சொல்லக்கூடிய அறிவு. இதில் மருந்துச் செடிகளைப் பற்றி இரண்டு வகை இருக்கிறது. செடிக்குள் என்ன இரசாயனம் என்று பார்ப்பது ஒன்று, காட்டில் அந்தச் செடி எத்தனை நிற்கிறது, எத்தனை முளைக்கிறது என்று எண்ணுவது மற்றது. முதலாவதற்குக் கிடைக்கும் பணமும் புகழும் இரண்டாவதற்குக் கிடைப்பதில்லை.

3. நீடித்த பயன்பாடு. கொழுந்தெடுக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. இரண்டு இலையும் மொட்டும் எடுத்துவிட்டு முதிர்ந்த இலையை விட்டுவைத்தால்தான் அடுத்த சுற்றுக்குச் செடி தளிர்க்கும். காட்டுச் செடிக்கும் இதே கணக்குத்தான். என்ன, தேயிலைக்குச் சுற்று எத்தனை நாள், கவ்வாத்து எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று எல்லாருக்கும் தெரியும். காட்டுக் கொடிக்கு அந்தக் கணக்கு எங்கும் எழுதிவைக்கப்படவில்லை, பிரச்சினையே அங்கேதான்.

## வெனிவெல்: ஒரு கொடியைக் கிட்டப் போய்ப் பார்த்தால்

தமிழில் மரமஞ்சள் என்பார்கள். தாவரவியல் பெயர் கொசினியம் ஃபெனஸ்ட்ரேட்டம். பெரிய மரங்களில் ஏறும் தடித்த கொடி இது. ஈரவலயக் காடுகளிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலும் வளரும். தண்டைக் குறுக்காக வெட்டினால் உள்ளே பளிச்சென்ற மஞ்சள், நடுவிலிருந்து வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி கோடுகள். தொட்ட விரலில் மஞ்சள் ஒட்டும், நாக்கில் வைத்தால் கசப்பு தொண்டைவரை இறங்கும். அந்த மஞ்சளுக்கும் கசப்புக்கும் முக்கியக் காரணம் பெர்பெரின் என்ற பொருள். அதற்குக் கிருமிகளைத் தடுக்கும் தன்மை உண்டு என்பது ஆய்வுகூடங்களில் பலமுறை பார்த்த விஷயம்.

இதுவரை மரபறிவும் விஞ்ஞானமும் கைகோத்து வருகின்றன. அதற்கப்பால் இரண்டு பேருமே தடுமாறுகிறார்கள். ஏனென்றால்:

1. இந்தக் கொடி மெதுவாகத்தான் வளரும். மருந்துக்கு ஆகும் தடிப்புக்கு வரப் பல வருடங்கள் எடுக்கும்.

2. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஒரு காட்டுத்துண்டில் பெண் கொடி பத்து நின்றாலும், எட்டும் தூரத்தில் ஆண் கொடி இல்லையென்றால் விதை கிடையாது. வெட்டப்போகிறவர் இதைப் பார்த்து வெட்டுவதில்லை, தடித்ததைப் பார்த்து வெட்டுகிறார்.

3. தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் தளிர்க்கும். வெனிவெல்லை வேரோடு இழுத்தால் முடிந்தது கதை.

ஒரு மனக்கணக்குப் போடுவோம். ஒரு காட்டில் வெட்டத்தக்க கொடி நூறு நிற்கிறது, ஒரு கொடி மறுபடி அந்தத் தடிப்புக்கு வரப் பத்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் வருடத்துக்குப் பத்துக்கு மேல் தொடக்கூடாது. அதிலும் விதைக்கென்று சிலதை விட்டால் ஏழோ எட்டோதான். முந்தி ஒரு வெதமாத்தயா (சிங்கள நாட்டு வைத்தியர்) தன் ஊர் நோயாளிக்காக ஒரு சாண் தண்டு வெட்டிய காலத்தில் இந்தக் கணக்கு தானாகவே சரியாக இருந்தது. அதே கொடி நாடு முழுவதும் போகும் பக்கெட்டுக்கு என்றானபோது கணக்கு உடைந்தது. "எங்கள் தாத்தா வெட்டினார்" என்ற வாதம் இங்கேதான் நொண்டுகிறது. தாத்தா வெட்டியது ஒரு சாண், இன்று போவது லொறி.

## ஒரே பெயர், வேறு செடி

அறிவைப் பகிர்வது என்றாலே முதலில் இடறுவது பெயரில்தான். இதைச் சின்ன விஷயம் என்று பலர் தாண்டிப் போகிறார்கள், எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

நிலவேம்பு என்று தமிழில் சொன்னால் சித்த வைத்தியத்தில் அது அன்ட்ரோகிராஃபிஸ் பனிகுலாட்டா. சிங்களத்தில் பின்கொஹொம்ப என்றாலும் சொல்லுக்குச் சொல் 'நில வேம்பு'தான். ஆனால் சிங்கள வைத்தியத்தில் அது பெரும்பாலும் முன்ரோனியா பின்னாட்டா, வேறு குடும்பத்துச் செடி. அரிது, விலை அதிகம், காட்டு நிழலில் மட்டும் சுகமாக வளரும். முதலாவதோ வீட்டுவாசலில் போட்டாலும் முளைக்கும், ஒரு வருடத்துக்குள் அறுத்தும் விடலாம். இப்போது ஒரு தோட்டத்துப் பெண்ணும் பக்கத்துக் கிராமத்து வைத்தியரும் ஒரே மேடையில் உட்கார்ந்து நிலவேம்பைப் பற்றிப் பேசினால், இருவரும் தலையாட்டிக்கொண்டே இரண்டு வேறு செடிகளைப் பற்றிப் பேசியிருப்பார்கள். கூட்டக் குறிப்பில் "அறிவு பகிரப்பட்டது" என்று எழுதப்பட்டுவிடும்.

மரமஞ்சளிலும் இதே சிக்கல். ஆயுர்வேத நூல்களின் தாருஹரித்ரா என்பது பெர்பெரிஸ் என்ற முள் புதர், நுவரெலியாப் பக்கத்து உயரங்களிலும் அதன் இனங்கள் உண்டு. அதற்குள்ளும் பெர்பெரின்தான். ஆகவே ஆய்வுகூடத்துக்குத் தூளை அனுப்பி "பெர்பெரின் இருக்கிறது" என்று சான்றிதழ் வாங்கினாலும், எது எதிலிருந்து வந்தது என்று அந்தச் சான்றிதழ் சொல்லாது.

இதற்கு மருந்து ஒன்றுதான்: உலர்த்திய மாதிரி. பூவோ காயோ உள்ள ஒரு கிளையை ஒடித்துப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்துப் பாரம் ஏற்றி, தாளை அடிக்கடி மாற்றி உலர்த்தி, எடுத்த இடம், உயரம், திகதி, எடுத்தவர் சொன்ன தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர் எல்லாம் எழுதி ஒட்டி வைப்பது. பேராதனையில் தேசிய உலர்தாவரகம் இருக்கிறது, அங்குள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டால் இது இன்னதுதான் என்று உறுதியாகும். பூவும் காயும் இல்லாத வெறும் இலையைக் கொண்டுபோனால் உதட்டைப் பிதுக்குவார்கள், அதில் அவர்கள் மேல் குற்றமில்லை.

## கோப்பையிலிருந்து காப்புரிமைக்கு

கொத்தலா ஹிம்புட்டு. சலாசியா ரெட்டிகுலாட்டா என்ற கொடி, தமிழ் வைத்தியத்தில் பொன்கொரண்டி. அதன் கட்டையைக் குடைந்து கோப்பை செய்து, இராத்திரி அதில் தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் செம்பழுப்பாக மாறியிருக்கும் தண்ணீரைச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்கள். கேட்பவருக்கு மூடநம்பிக்கை போல இருக்கும்.

இதில் 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சலாசினோல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது வேலை செய்யும் விதம் எளிது. நாம் தின்னும் சோறு, ரொட்டியின் மாவுச்சத்தைச் சிறுகுடலில் ஒரு நொதியம் குளுக்கோசாக உடைக்கிறது. சலாசினோல் அந்த நொதியத்தைத் தடுத்துப்பிடிக்கிறது, அதனால் சர்க்கரை இரத்தத்தில் மெதுவாக ஏறுகிறது. இது நீரில் கரையும் பொருள், ஆகவே கட்டைக் கோப்பையில் வெறும் தண்ணீர் ஊற்றிவைத்த பாட்டன் செய்தது சரியான முறைதான். 2005இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றில் 51 நோயாளிகளுக்கு இந்தத் தேநீரையும் சாதாரணத் தேநீரையும் மூன்று மூன்று மாதம் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை அளவு ஓரளவு குறைந்தது. ஓரளவுதான். கிளினிக் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கோப்பையைத் தூக்கலாம் என்று யாரும் இதை வாசித்துவிடக் கூடாது. மாத்திரையோடு இதையும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கவும் கூடும், வைத்தியரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

இங்கே பகிர்வு நடந்தது. விஞ்ஞானம் மரபைப் புரியவைத்தது, மரபு விஞ்ஞானத்துக்குப் பாதை காட்டியது. ஆனால் சலாசியாவை வைத்த காப்புரிமைகள் வெளிநாடுகளில் எடுக்கப்பட்டன. கோப்பை குடைந்த ஊர்களுக்கு மிஞ்சியது, கொடிக்கு விலை ஏறியதும் வேர்வரை தோண்டப்பட்ட குழிகள்.

காப்புரிமை என்பது புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றை, பொதுவாக 20 வருடங்களுக்கு, மற்றவர் வியாபாரமாகச் செய்யாமல் தடுக்கும் உரிமை. 'புதிது' என்ற சொல்லில்தான் பிடி இருக்கிறது. மஞ்சள் காயம் ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியா பழைய நூல்களையும் அச்சான கட்டுரையையும் காட்டி வாதாட, 1997இல் அது இரத்தானது. காட்ட எழுத்து இருந்ததால் மஞ்சள் பிழைத்தது. எழுத்தில் இல்லாதது காப்புரிமை அலுவலகத்துக்குப் பெரும்பாலும் இல்லாததுதான். சிங்களப் பரம்பரை வைத்தியத்துக்கு ஓலைச்சுவடிகளாவது உண்டு. தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) பேறுகாலம் பார்த்த கிழவிகளின் அறிவுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய ஓட்டை வேறில்லை.

2024 மே மாதம் ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து நிறுவனம் ஒரு புதிய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. மரபணு வளத்தையோ அதோடு சேர்ந்த மரபறிவையோ வைத்துக் காப்புரிமை கேட்பவர், அது எந்த நாட்டிலிருந்து, எந்தச் சமூகத்திடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். நல்லதுதான். ஆனால் மூலத்தைச் சொல்வது வேறு, பங்கு கொடுப்பது வேறு.

## பங்கு கொடுத்தும் சிக்கிய கதை

பங்கு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? கேரளத்து அகத்திய மலையில் காணி பழங்குடியினர் கதையைப் பார்க்க வேண்டும். 1987இல் காட்டுக்குள் போன ஆய்வாளர்கள், கூட வந்த காணி வழிகாட்டிகள் ஏதோ ஒரு பழத்தைத் தின்றுகொண்டே களைக்காமல் ஏறுவதைக் கவனித்தார்கள். அந்தச் செடி ஆரோக்கியப்பச்சை, தாவரவியல் பெயர் டிரைக்கோபஸ் சைலானிக்கஸ். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவானது. அதைத் தயாரிக்கும் உரிமம் 10 இலட்சம் இந்திய ரூபாவுக்கும் 2 வீத உரிமைப்பங்குக்கும் போனது. அதில் பாதி காணிகளுக்கு என்று தீர்மானித்து, 1997இல் அவர்களுக்கென ஒரு நம்பிக்கை நிதியம் அமைத்தார்கள். உலகம் முழுக்கக் கைதட்டினார்கள்.

ஆனால்:

1. பிளாத்தி எனப்படும் காணி வைத்தியர்களில் ஒரு பகுதியினர், இந்த இரகசியத்தை வெளியே சொல்ல வழிகாட்டிகளுக்கு யார் அதிகாரம் தந்தது என்று கேட்டார்கள். 'சமூகம்' சம்மதித்தது என்று எழுதும்போது அந்தச் சமூகத்தில் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2. செடி காட்டுக்குள் இருந்தது, காடு வனத்துறையிடம் இருந்தது. இலை பறிக்க அது இடம் கொடுக்கவில்லை. அறிவுக்குப் பங்கு கிடைத்தவர்களுக்குச் செடியைத் தொட உரிமை இல்லை.

இரண்டாவதுதான் மலைநாட்டுக்கு நேராகப் பொருந்துகிறது.

## யாருடைய காடு

இலங்கையில் காட்டுச் செடியைத் தொடும் சட்டங்கள் முக்கியமாக இரண்டு. 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம், 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். முதலாவது காட்டுத் துண்டுகளை ஒதுக்குகளாகப் பிரகடனம் செய்து உள்ளே எடுப்பதைக் கட்டுப்படுத்துகிறது, இரண்டாவது குறிப்பிட்ட தாவர இனங்களையும் ஏற்றுமதியையும் கட்டுப்படுத்துகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏறக்குறைய 17,500 ஹெக்டேர் 2000இல் பாதுகாப்பு வனமாக்கப்பட்டது, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறியது. அதற்குமுன் அந்தக் காட்டு நிழலில் பரம்பரையாக ஏலக்காய் பயிரிட்டவர்கள் உண்டு. ஏலத்துக்காக அடிக்காட்டைத் துப்புரவாக்கினால் மேல் மரம் நிற்கும், ஆனால் அதன் கன்றுகள் வளராது. தூரத்திலிருந்து பச்சையாகத் தெரியும் காடு உள்ளுக்குள் கிழண்டுபோகும். ஏலப் பயிரைத் தடுத்ததற்கு விஞ்ஞானக் காரணம் இருந்தது. ஏலக்காரருக்கு அதை உட்கார்ந்து விளக்கி, மாற்று வழி பேசிய அளவு போதாது என்பது என் எண்ணம்.

தோட்டப் பக்கம் நிலைமை இன்னும் சிக்கல். ஓடைக்கரையிலும் மலையுச்சியிலும் நிற்கும் சின்னக் காட்டுத்துண்டுகள் அரச காணி அல்லது கம்பனிக் குத்தகை. கிராமத்தில் ஒருவருக்குப் பின்கொஹொம்ப வேண்டுமென்றால் தன் வீட்டுத்தோட்டத்து நிழலில் நாற்றுப் போடலாம். லயத்தில் இருப்பவர் எங்கே போடுவார்? வாசலுக்கும் கானுக்கும் இடையே உள்ள துண்டில் வல்லாரையும் கீரையும் போடலாம், அதுவும் தொரை (தோட்ட அதிகாரி) மனசு வைக்கும்வரை. தனிவீடு கிடைத்தவர்களுக்கும் சில பேர்ச் காணிதான். வெனிவெல் ஏற ஒரு பெரிய மரம் வேண்டும், மரத்துக்கு வேர் ஓட இடம் வேண்டும். "காட்டில் எடுக்காதே, வீட்டில் வளர்" என்ற அறிவுரை காணியுள்ளவருக்குச் சொல்லப்பட்டது.

## எண்ணிப் பார்த்தால் என்ன தெரியும்

கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் சோலிகர் என்ற பழங்குடியினர் நெல்லிக்காய் சேகரித்து வந்தார்கள். எவ்வளவு காய் எடுத்தால் காடு தாங்கும் என்று ஆய்வாளர்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது சோலிகர் வேறொன்றைச் சொன்னார்கள். பிரச்சினை காய் எடுப்பதில் இல்லை, மரங்களில் புல்லுருவி ஏறிக் கொல்கிறது, முந்தி நாங்கள் சருகுக்கு வைத்த சிறுதீயை நீங்கள் தடுத்ததிலிருந்துதான் இது பெருகியது என்றார்கள். ஆய்வாளர்களும் பிறகு புல்லுருவியை அளக்கத் தொடங்கினார்கள், நெல்லிக்கு அது உண்மையிலேயே பெரிய கேடு என்று தெரிந்தது. (இதைப் படித்துவிட்டு ஊவாவில் யாரும் பத்தனைப் புல்வெளிக்குத் தீ வைத்துவிட வேண்டாம். அங்கே காய்ந்த காலத்தில் வைக்கும் தீ வேறு கதை.)

நான் இதைச் சொல்வது தீக்காக இல்லை. பகிர்வு என்றால் "இந்த இலை எந்த நோய்க்கு" என்ற பட்டியல் எழுதுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சோலிகர் கொடுத்தது வேறு விதமான அறிவு. மரம் எப்படி வாழ்கிறது, எதனால் சாகிறது என்பது. நம் பக்கம் யாரும் அதைக் கேட்பதே இல்லை.

கித்துளை எடுங்கள். இந்தப் பனை வளர்ந்து முடிந்ததும் உச்சியில் முதல் பாளை விடும், பிறகு ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி விட்டுக்கொண்டே வந்து, கடைசிப் பாளையோடு செத்துப்போகும். பாளையைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சித்தான் பாணியும் கருப்பட்டியும். பாளைக்கு என்ன மருந்து வைத்துக் கட்டினால் நன்றாகச் சுரக்கும் என்பது ஒவ்வொரு சீவுகாரரின் குடும்ப இரகசியம். மரம் எப்படியும் சாகப்போவதுதான், ஆகவே சீவுவதால் நட்டமில்லை என்று தோன்றும். ஆனால் சீவிய பாளை பழம் தராது. பழத்தைத் தின்று விதையைப் பரப்புவது மரநாய். எல்லா மரத்திலும் எல்லாப் பாளையையும் சீவினால் மரநாய்க்குப் பழமில்லை, இருபது வருடம் கழித்துச் சீவ மரமில்லை. மரத்துக்கு ஒரு பாளையை விட்டுவைப்பது என்ற ஒரு விதி, எந்த ஆய்வுகூடமும் இல்லாமல் ஊரே பேசி முடிவெடுக்கக்கூடியது.

எண்ணுவதும் கஷ்டமில்லை. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே அந்தச் செடியில் கன்று எத்தனை, இளசு எத்தனை, முற்றியது எத்தனை என்று மூன்று நிரலில் எழுதினால் போதும். ஐந்தாறு இடத்தில் எழுதியபின் பாருங்கள். முற்றியது நிறைய இருந்து கன்றே இல்லையென்றால், பார்க்கச் செழிப்பாக இருந்தாலும் அந்தச் செடி அங்கே முடியப்போகிறது.

## எழுதும்போது எதை எழுதாமல் விடுவது

ஊர் அறிவைப் பதிவு செய்ய வருகிறோம் என்று ஒரு குழு வந்தால், பேசத் தொடங்குமுன் கேட்டுத் தெளிய வேண்டியவை:

1. பதிவு எந்த மொழியில், அதன் பிரதி எங்களிடம் இருக்குமா? ஆங்கில அறிக்கை மட்டும் என்றால் அது பகிர்வு இல்லை, எடுத்துக்கொண்டு போவது.

2. பயன் மட்டுமா எழுதுகிறீர்கள், எடுக்கும் காலம், எடுக்கும் பகுதி, விட்டுவைக்கும் அளவும் எழுதுவீர்களா? வேருக்குப் பதில் இலையில் அதே குணம் இருக்கிறதா என்று சோதித்துத் திரும்பிவந்து சொல்வீர்களா? கொத்தலா ஹிம்புட்டு இலையை வைத்து ஏற்கனவே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அந்தச் செய்தி தேவைப்படுவது வேரைத் தோண்டுபவருக்கு.

3. சொன்னவர் பெயர் வருமா, வராதா? வேண்டாமென்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா?

4. இடத்தை எவ்வளவு துல்லியமாக எழுதுவீர்கள்?

நாலாவது கேள்வியை வல்லப்பட்டை நமக்குக் கற்றுக்கொடுத்தது. கைரினோப்ஸ் வல்லா என்ற இந்த ஈரவலய மரத்தின் பட்டையை உரித்து ஊரார் கயிறு திரித்தார்கள், அவ்வளவுதான் அதன் மதிப்பு. 2012 அளவில் இதற்குள்ளும் விலை உயர்ந்த அகில் வாசனைப் பிசின் உண்டாகிறது என்று இலங்கை ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே காலத்தில் கடத்தலும் தொடங்கிவிட்டது, கட்டுநாயக்கவில் பயணப் பெட்டிகளுக்குள் பிடிபட்ட செய்திகள் வரிசையாக வந்தன. பிசின் காயம்பட்ட, பூஞ்சை பிடித்த மரத்தில்தான் இருக்கும், வெளியே நின்று பார்த்தால் சரியாகத் தெரியாது. ஆகவே ஒன்றுக்காகப் பல மரத்தை வெட்டிப் பார்க்கிறார்கள். இப்படியான மரம் எந்த ஓடைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஜிபிஎஸ் இலக்கத்தோடு கைத்தொலைபேசிப் படத்தைப் பேஸ்புக்கில் போடுகிறவர், ஊர்ப் பெருமைக்காகத்தான் போடுகிறார். அதைப் பார்த்துவிட்டு வருகிறவன் வாளோடு வருகிறான்.